வெள்ளையாகக் கிடந்த இரண்டு கட்டங்கள்

கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்துச் சுகாதார அதிகாரிகளுக்கும், பேரிடர்த் திட்டம் எழுத உட்காருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கடலூர் மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். 2018-ல் ஓய்வு பெற்றேன். ஊரில் இன்னும் நர்ஸம்மாதான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என் வீட்டிலேயே குறைவு. கொரோனா அடங்கி இவ்வளவு நாள் கழித்து எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். பெருந்தொற்றில் கர்ப்பிணிகளுக்கு மூடிப்போன கதவுகளைப் பற்றி, அடுத்தது வருவதற்கு முன்னால் எழுதினால்தான் உபயோகம், அதனால்தான்.

முதலில் புயலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நாம் கெட்டிக்காரர்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் திறக்கிற நோட்டு கர்ப்பிணிகள் பதிவேடு. அடுத்த இரண்டு வாரத்துக்குள் யார் யாருக்கு இ.டி.டி., அதாவது பிரசவ தேதி, விழுகிறது என்று பட்டியல் எடுப்போம். எந்தத் தெரு, வீட்டுக்கு அடையாளம் என்ன, தண்ணீர் சூழ்ந்தால் வண்டி எந்த வழியாகப் போகும், வீட்டில் போனை எடுப்பது யார், எல்லாம் அதில் இருக்கும். காற்று கிளம்புவதற்கு முன்பே அவர்களை அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவோம். "வலியே இல்லாம எதுக்குக்கா வந்து படுக்கணும்? என் ஆட்டுக்குட்டிய யாரு பாப்பா?" என்று என்னிடம் சண்டை பிடித்தவள் உண்டு. பக்கத்து வீட்டில் சொல்லி ஆட்டுக்குட்டிக்கு ஓர் ஏற்பாடு செய்த பிறகுதான் வண்டியில் ஏறினாள். அன்று ராத்திரியே வலி கண்டு, மரம் விழுந்து ரோடு அடைபட்ட நேரத்தில், கரண்ட் இல்லாத வார்டில் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பெண் குழந்தை பெற்றாள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியலின் அருமை தெரியும்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. அதே மாவட்டம், அதே பதிவேடு, அதே நர்ஸ்கள். ஆனால் அந்த நோட்டைத் திறந்து பட்டியல் எடுங்கள் என்று எனக்குத் தெரிந்த யாரிடமும் யாரும் சொல்லவில்லை. வேலையில் இருந்த என் சகாக்களை வெப்பமானியோடு தெருத்தெருவாகக் காய்ச்சல் கணக்கு எடுக்க அனுப்பினார்கள். அவர்கள் சோம்பி இருக்கவில்லை. காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்பினார்கள். கணக்கு எடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருந்தாலும் படிவத்தில் கேட்டது காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்பதுதான். கையில் பி.பி. கருவி இல்லை.

ஒரு வீட்டை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் மே முதல் வாரத்தில், கோயம்பேடு சந்தையிலிருந்து லாரி ஏறி ஊர் திரும்பியவர்களைச் சோதித்ததும் கடலூர் மாவட்டத்து எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மே 5-ம் தேதி சந்தையை மூடினார்கள். எங்கள் ஊருக்கும் அங்கே மூட்டை தூக்கிய நாலு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். தெரு முனையில் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்தாயிற்று. அந்த நால்வரில் ஒருவரின் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். கணவருக்குப் பாசிட்டிவ், காய்ச்சல்கூட இல்லை. ஒரு கல்லூரிக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டில் அந்தப் பெண்ணும் மாமியாரும்தான். அதன் பிறகு அது 'கோயம்பேட்டு வீடு' ஆகிவிட்டது. பால்காரர் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பாக்கெட்டை வீசிவிட்டுப் போவார்.

மே 30, சனிக்கிழமை காலை அவளிடமிருந்து போன். "நர்ஸம்மா, தலை ரொம்ப வலிக்குது. கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்கு." இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாகக் கேட்டால் எந்த நர்ஸுக்கும் அடிவயிறு கலங்கும். எனக்கு அறுபது வயசு, சர்க்கரை வேறு. மகன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவனைத் திட்டிவிட்டு பி.பி. கருவியையும், வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கிற பழைய அலுமினியக் குழலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பி.பி. 170/110. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது, மேலே வரவே இல்லை. குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். துடிப்பு இருந்தது. நிமிஷத்துக்கு 140-ஐ ஒட்டி, நல்ல சீராக.

அட்டையைக் கேட்டேன். துணிக்கடை மஞ்சள் பையிலிருந்து தாய் சேய் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தருகிற பிக்மி நம்பர், ரத்த வகை, ஸ்கேன் தேதி, எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. மார்ச் 12-ம் தேதி எடை 54, பி.பி. 120/80, ஹெச்.பி., அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின், 9.8. அப்புறம் ஏப்ரல் கட்டம் வெள்ளை. மே கட்டம் வெள்ளை. ஏப்ரலில் பஸ் இல்லை, போகவில்லை. மேயில் தகரம். அந்த இரண்டு கட்டங்களை நிரப்ப ஒரு நர்ஸுக்கு வீட்டுக்கு ஐந்து நிமிஷம் போதும். பி.பி. ஒரே நாளில் 120-லிருந்து 170-க்குத் தாவுவது அபூர்வம். பெரும்பாலும் நடுவில் 140/90 என்று ஒருநாள் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்கத்தான் அந்தக் கட்டங்களே இருக்கின்றன. ஹெச்.பி. 9.8 இருந்தவளுக்கு இரும்புச் சத்து மாத்திரையாவது வந்திருக்க வேண்டும். கபசுரக் குடிநீர் அந்த வாசலுக்கு நாலு தரம் வந்ததாம். மாத்திரை ஒரு தரமும் வரவில்லை.

108-க்குப் போன் போட்டோம். வண்டியெல்லாம் கொரோனா கேஸுக்குப் போயிருக்கிறது, ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஓர் ஆட்டோக்காரப் பையன் மட்டும் வந்தான். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தான். தாய்வீடு புதுச்சேரிப் பக்கம் என்பதால் அவள் பிரசவம் அங்கே என்று முன்பே பேசி வைத்திருந்தது. எங்கள் ஊருக்கு அதுதான் கிட்டவும். எல்லைச் சாவடி ஒன்றில் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டு விலாசம், இ-பாஸ் இல்லை, கட்டுப்படுத்தப்பட்ட பகுதி வேறு. அரை மணி நேரம் மன்றாடினேன். "அம்மா, எனக்கு மேலருந்து ஆர்டர்மா" என்றான் அந்தப் போலீஸ்காரப் பையன். அவன் முகத்தைப் பார்த்தால் அவனும் அழுதுவிடுவான் போலிருந்தது. திரும்பினோம். அடுத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கேட்டைத் திறக்காமலே, டெஸ்ட் ரிசல்ட் கொண்டு வாங்க என்றார்கள். கடைசியில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கவச உடையில் வியர்த்து ஊற்ற, வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டு, உடனே ஆபரேஷனுக்கு எடுத்தார்கள். ஆனால் நான் குழல் வைத்துக் கேட்டதிலிருந்து அதற்குள் நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, முன்கூட்டியே பிரிந்துவிட்டது. பையன். ஒரு கிலோ அறுநூறு. துடிப்பு இல்லை.

அவள் பிழைத்தாள். டெஸ்ட் ரிசல்ட் இரண்டு நாள் கழித்து வந்தது. நெகட்டிவ்.

நேரத்துக்குப் போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எட்டாம் மாதக் குழந்தை, அந்த பி.பி., எது எப்படிப் போயிருக்குமோ. ஆனால் ஒன்று சொல்ல முடியும். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 2020 மே 18 அன்று, ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வெளியிட்ட பரிசோதனை வழிமுறையில், டெஸ்ட் எடுக்கவில்லை என்பதற்காகப் பிரசவம் உள்ளிட்ட எந்த அவசரச் சிகிச்சையும் தாமதமாகக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. டெல்லியில் கையெழுத்தான அந்தத் தாள் அந்த கேட் வரைக்கும் வந்து சேரவில்லை.

அவளைக் கிருமி தொடவே இல்லை. பெருந்தொற்றில் கர்ப்பிணிக்கு என்ன ஆகும் என்று பேசத் தொடங்கினால் எல்லோரும் கிருமியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் எழுத வந்தது மூடிய கதவுகளைப் பற்றி. அதற்காகக் கிருமியைச் சாதாரணம் என்று சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மருமகள் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவள் படித்துச் சொல்ல, நான் பழைய டைரி ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். 18 நாடுகளில் இரண்டாயிரத்துச் சொச்சம் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2021-ல் வெளியான ஆய்வில், தொற்று வந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் பி.பி. ஏறி வரும் முன்சூல்வலிப்பும் ஒன்றரை மடங்குக்கு மேல். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த பன்னிரண்டு லட்சம் பிரசவங்களை எடுத்துப் பார்த்தார்கள். தொற்று இல்லாதவர்களில் 0.64 சதவீதம் பேருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. தொற்று இருந்தவர்களில் 1.26. டெல்டா வந்த பிறகு, தொற்று இல்லாதவர்களைவிட அந்த ஆபத்து நாலு மடங்காயிற்று.

ஏன் என்பதற்கு விடை நஞ்சில் இருந்தது. பிரசவம் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழந்தை வந்ததும் நஞ்சைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்ப்போம், முழுசாக வந்ததா என்று. நல்ல நஞ்சு கருஞ்சிவப்பாக, அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். கொரோனா தாக்கி இறந்து பிறந்த, பிறந்த கொஞ்ச நாளில் இறந்த குழந்தைகளின் நஞ்சைப் பன்னிரண்டு நாட்டு மருத்துவர்கள் எடுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 68. சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் வேலை செய்யாமல் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. பெரும்பாலும் கிருமி குழந்தையைத் தேடிப் போய்க் கொல்லவில்லை. குழந்தைக்கு மூச்சும் சோறும் போகிற வழியை அடைத்துவிட்டது. அம்மாவுக்கு லேசான காய்ச்சலோடு போயிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே அடையாளம், வயிற்றில் அசைவு குறைவது. அதைச் சொல்லித் தரவும், குறைந்தது என்று அவள் சொன்னால் உடனே பார்க்கவும் ஆள் வேண்டும். மறுபடியும் கதவுக்குத்தான் வருகிறது பேச்சு.

கதவு மூடியதற்கும் கணக்கு இருக்கிறது. 17 நாடுகளிலிருந்து 40 ஆய்வுகளைச் சேர்த்து 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. தொற்று வந்தவர்கள் வராதவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தாலே, பெருந்தொற்றுக் காலத்தில் இறந்து பிறப்பது 28 சதவீதம் கூடியிருக்கிறது. தாய் மரணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடிக்கிற நிலைக்கு வந்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது ஏறத்தாழ ஆறு மடங்கு. காரணம் எளிது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பலருக்கு ஊசியிலேயே முடிந்திருக்கும். மனச்சோர்வும் கூடியதாம். அதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை, எங்கள் தெருவில் நடந்தால் போதும்.

அதே ஆய்வில் ஒரு வேடிக்கை. பணக்கார நாடுகளில் குறைமாதப் பிரசவம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேலைக்கு அலையாமல் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்ததால் இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் ஊரடங்கில் கால் நீட்டிய கர்ப்பிணி யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். மீன் இறங்கவில்லை, கூடைக்காரிக்கு வேலை இல்லை, ரேஷன் அரிசியும் ரசமும்தான். இதற்கு அமெரிக்கக் கணக்கைவிட நேபாளக் கணக்குத்தான் நமக்குப் பொருந்தும். அங்கே ஒன்பது ஆஸ்பத்திரிகளில் ஊரடங்கின்போது பிரசவத்துக்கு வந்தவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். வந்தவர்களிலும் ஆயிரத்துக்கு 14 என்று இருந்த இறந்து பிறப்பு 21 ஆயிற்று. பிறந்த கொஞ்ச நாளில் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 13-லிருந்து 40. வராத பாதிப் பேர் எங்கே பெற்றார்கள், என்ன ஆயிற்று என்பது அந்த எண்ணில் இல்லை.

2021-ஐ நினைக்கவே பிடிக்கவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தொற்று கண்ட கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மாரில் முதல் அலையில் இறந்தவர்கள் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 என்று அந்த ஜூனில் ஐ.சி.எம்.ஆர். சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒன்பதாம் மாதம். மூச்சு வாங்குகிறது என்றாள். ஒன்பதாம் மாதத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும்தானே, வீட்டிலிருந்த பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் போனில் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி மாட்டச் சொன்னேன். 88. குழந்தை இருக்கிறது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவள் இல்லை. இன்னொரு வீட்டில் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையலுக்கெல்லாம் சானிடைசர் தெளித்துத் துடைத்துப் போட்டார்கள். சிரித்தோம். இருந்த சிரிப்பு அவ்வளவுதான்.

தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. அறுபது தாண்டியவள் என்பதால் மார்ச்சிலேயே எனக்குக் கிடைத்தது. கர்ப்பிணிக்குப் போடலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது ஜூலை 2-ம் தேதி. அதற்குள் இரண்டாம் அலை வந்து அடித்துவிட்டுப் போயிருந்தது. அவர்களை முதலில் சேர்க்காததற்குச் சொன்ன காரணம், ஊசியைச் சோதித்தபோது கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை என்பது. சேர்க்காமல் விட்டது யார் குற்றம்? 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ காய்ச்சலிலேயே கர்ப்பிணிகள்தான் அதிகம் செத்தார்கள் என்பது நூறு வருஷத்துச் செய்தி. அப்போது அமெரிக்காவில் காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்ததில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அடுத்த காய்ச்சலில் இவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஊசி போட்ட கர்ப்பிணிகளுக்கு இறந்து பிறப்பது 15 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. ஜூலையில் அனுமதி வந்தபோது ஊசியைக் கண்டு ஓடியவர்கள் நிறைய. ஐந்து மாதத்துக்கு மேல் 'உனக்கு வேண்டாம், ஆபத்து' என்று சொல்லிவிட்டு ஆறாம் மாதம் 'வா, நல்லது' என்றால் யார்தான் நம்புவார்கள்? சரி, அது உங்கள் கையில் இல்லாத விஷயம். உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

எல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஆல்பேட்டை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, முள்ளோடை வந்தால் வேறு அரசாங்கம். மேற்கே போனால் இன்னும் குழப்பம். ஒரே ரோடு தமிழ்நாட்டில் தொடங்கிப் புதுச்சேரிக்குள் நுழைந்து மறுபடி தமிழ்நாட்டில் வெளியே வரும். புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர்ப் பெண்ணுக்கு அவசரத்துக்குக் கடலூர் கிட்டம். கடலூர்ப் பெண்ணுக்குச் சிக்கலான கேஸ் என்றால் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் பெரியாஸ்பத்திரி. எங்கள் ஊரில் 'கோரிமேட்டுக்கு எழுதிட்டாங்க' என்றாலே நிலைமை மோசம் என்று அர்த்தம். பொண்ணு எடுப்பது கொடுப்பது எல்லாம் இரண்டு பக்கமும் கலந்துதான். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போகிறவள் எந்த எல்லையைப் பார்ப்பாள்? ஊரடங்கில் பாட்டில் வாங்க ஆற்று மணலில் இறங்கிக் குறுக்கே போகிறவர்களுக்கு வழி இருந்தது. எங்கள் ஆட்டோவுக்கு இல்லை.

இதில் உங்கள் இரண்டு பக்கத்துக்குமே தெரியாத ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். இறந்து பிறந்த குழந்தையையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். பதிவு நடப்பது சம்பவம் நடந்த இடத்தில். அப்படியானால் கடலூர்க் கிராமத்துப் பெண் புதுச்சேரியில் இறந்த குழந்தையைப் பெற்றால் அது புதுச்சேரிக் கணக்கு. பாகூர்ப் பெண் கடலூரில் பெற்றால் கடலூர்க் கணக்கு. எல்லையில் திருப்பி அனுப்பியதால் வழியில் என்ன ஆயிற்று என்பது எந்தக் கணக்கும் இல்லை. தாய் இறந்தால் கூட்டம் போட்டு ஏன் எப்படி என்று கேட்கிறீர்கள், அது நல்ல வழக்கம். குழந்தை மட்டும் இறந்து பிறந்தால், அம்மாவைத் தேற்றுகிற சாக்கில் எல்லோரும் அதை மறக்கத்தான் பார்க்கிறோம். பெயர் வைக்கவில்லை, காரியம் செய்யவில்லை. நம் வழக்கமும் அதற்கு வசதியாக இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து 2021 டிசம்பர் வரை இரண்டு பக்கத்துப் பதிவுகளையும் ஒரே மேசையில் வைத்து, தாயின் ஊர் எது, கடைசியாக எந்த மாதம் பரிசோதனைக்குப் போனாள், எங்கே திருப்பப்பட்டாள் என்று பாருங்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. வெள்ளைக் கட்டங்கள் எத்தனை என்று எண்ணச் சொல்கிறேன்.

அப்புறம் இரண்டு அரசாங்கமும் சேர்ந்து ஒரு தாள் எழுத வேண்டும். நீளமாக வேண்டாம், சாவடியில் நிற்கிற பையன் நின்றபடியே படிக்கிற அளவுக்கு. தாய் சேய் அட்டை கையில் இருந்தால் அதுதான் பாஸ். கூட வருகிற ஒருவருக்கும் அதே பாஸ். இ-பாஸ் கேட்காதே, விலாசம் பார்க்காதே. சந்தேகம் இருந்தால் வண்டியை விட்டுவிட்டு அப்புறம் போன் போடு. இதைக் கிருமி வந்த பிறகு எழுத முடியாது. அப்போது ஆளாளுக்குப் பயந்திருப்போம். ஆஸ்பத்திரி கேட்டில் ஒட்ட வேண்டியதை ஏற்கனவே ஐ.சி.எம்.ஆர். எழுதிக் கொடுத்துவிட்டது. தமிழில், பெரிய எழுத்தில், தனியார் அரசு என்று பார்க்காமல் எல்லா கேட்டிலும் ஒட்டினால் போதும். டெஸ்டை உள்ளே படுக்க வைத்து எடுக்கட்டும்.

புயல் பட்டியலைத் தொற்றுக்கும் எடுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம். புயல் இரண்டு நாளில் போய்விடும், அதற்கு இ.டி.டி. பக்கத்தில் இருப்பவர்கள் போதும். தொற்று மாதக்கணக்கில் இருக்கும். எல்லா மாதத்துக் கர்ப்பிணியும் பட்டியலில் வர வேண்டும். ஹை-ரிஸ்க் என்று சிவப்புப் பொட்டு வைத்தவர்கள் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை யாராவது போக வேண்டும். காய்ச்சல் கணக்கு எடுக்க ஆயிரம் பேர் போகலாம், பி.பி. பார்க்கத் தெரிந்த நர்ஸை அதிலிருந்து விட்டுவிடுங்கள். தகரம் அடித்த தெருவுக்குள் இரும்பு மாத்திரையும், கால்சியமும், ஓர் ஆக்சிமீட்டரும் போக வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேன் தள்ளிப்போனால் அது வெறும் தாமதம் இல்லை. குழந்தைக்குப் பெரிய குறை இருக்கிறது என்று காலம் கடந்து தெரிந்தால், கருவைக் கலைக்கச் சட்டம் தந்த வழியும் அப்போது அதற்குள் அடைபட்டுப்போனது. 2020-ல் அந்த எல்லை பொதுவாக 20 வாரம்தான் இருந்தது.

பிரசவ அறைக்குள் கூட ஓர் ஆள் இருக்கட்டும். கொரோனாவைச் சொல்லித் தனியாக விட்டார்கள் பலரை. முக்காடு போட்ட விண்வெளி ஆட்கள் நாலு பேர் சுற்றி நிற்க, யார் கை என்று தெரியாமல் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு பெற்றேன் என்று ஒரு பெண் சொன்னாள். பெற்ற பிறகு, பாசிட்டிவ் என்றால் குழந்தையைத் தனியே தூக்கிப்போனார்கள் சில இடங்களில். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம், தாயோடே வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலிருந்தே சொன்னது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு கட்டி வைக்கிற கங்காரு பராமரிப்பை உலகம் முழுக்கத் தொடர்ந்திருந்தால் 1,25,000 குழந்தைகளுக்கு மேல் காப்பாற்றலாம் என்றுகூடக் கணக்குச் சொன்னார்கள். நம் ஆயாக்களுக்கு இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோயம்பேட்டு வீட்டுப் பெண் 2022-ல் மறுபடி உண்டானாள். இரண்டாம் மாதத்திலேயே என்னிடம் வந்து அட்டையைக் கொடுத்து, இதை நீங்களே வெச்சுக்குங்க, மாசா மாசம் நீங்களே எழுதச் சொல்லி வாங்குங்க என்றாள். ஓய்வு பெற்றவள் அட்டையை வைத்திருக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து கட்டத்தைக் காட்டிவிட்டுத்தான் போவாள். ஒரு கட்டமும் வெள்ளையாக இல்லை. பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு. பழைய அட்டையைத் தூக்கிப் போடவும் மனசில்லை, வீட்டில் வைத்திருக்கவும் மனசில்லை என்று என்னிடம் தந்துவிட்டாள். என் பீரோவில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆய்வுக் கூட்டம் போடுவீர்கள். இந்தத் தடவை அதில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரிகளையும் கூப்பிடுங்கள். என்னையும் கூப்பிட்டால் வருகிறேன். அட்டையைக் கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாடு வேண்டாம், சர்க்கரை இருக்கிறது. டீ மட்டும், சீனி இல்லாமல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதாரச் செவிலியர்,
கடலூர் மாவட்டம்.